பாலக்காட்டில் ஒரு பேச்சுப் பயிற்சி மையம்: திக்குவாய்ச் சிகிச்சை எப்படி?

பாலக்காடு ஸ்டேடியம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் இயங்கும் இந்தப் பேச்சுப் பயிற்சி மையத்துக்கு, ஒன்பது வயதான என் மகனைத் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையிலிருந்து அழைத்துச் சென்று வருகிறேன். திக்குவாய்க்கு இங்கே போகலாமா என்று எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சில கேட்டிருப்பதால் இதை எழுதுகிறேன். தாராளமாகப் போகலாம். குறைகளும் உண்டு, அவற்றைப் பின்னால் சொல்கிறேன். திக்கலை உண்டாக்குவது எது, உண்டான திக்கலைப் பெருக்குவது எது என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் சிகிச்சை அளிப்பதே இம்மையத்தின் தனிச்சிறப்பு.

முதல் அமர்வில் பையனைப் பேசச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துப் போனோம். அங்குள்ள பயிற்சியாளர் அம்மையாரோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்கல் இருக்கிறதா என்றுதான் முதலில் விசாரித்தார். அவனுடைய தாய்மாமனுக்கு இருக்கிறது. ஆனால் என் மகனுக்கு இது மூன்று வயதில் நாய் துரத்திய பயத்தால் வந்தது என்று என் மாமியார் இன்றும் உறுதியாகச் சொல்லுவார். வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவியும் பார்த்துவிட்டார். வீட்டில் தமிழும் வெளியே மலையாளமும் பேசுவதால் நாக்குக் குழம்பிவிட்டது என்பது அக்கம்பக்கத்தாரின் கட்சி. நாக்கின் அடியில் உள்ள சவ்வை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று சொன்னவரும் உண்டு. இம்மூன்றையும் பொறுமையாகக் கேட்ட அம்மையார், மூன்றும் காரணமல்ல என்று அதே பொறுமையோடு விளக்கினார்.

அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திக்கல் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில், குழந்தை சொற்களைக் கோத்து வாக்கியமாகப் பேசத் தொடங்கும் பருவத்தில் தோன்றுகிறது. ஏறத்தாழ நூற்றுக்கு 5 குழந்தைகளிடம் ஏதாவதொரு கட்டத்தில் தோன்றினாலும், அவர்களில் பெரும்பாலோருக்குத் தானே நின்றுவிடுவதால், பெரியவர்களிடையே சுமார் 1 விழுக்காட்டினரிடமே அது நீடிக்கிறது. அப்படி நீடிப்பவர்களில் பெண்களைப்போல் நான்கு மடங்கு ஆண்கள் இருக்கிறார்கள். இது பரம்பரையில் வரக்கூடியது. பாகிஸ்தானியக் குடும்பங்களிலிருந்து தொடங்கி, அமெரிக்காவில் டென்னிஸ் டிரேனா தலைமையிலான குழு நடத்திய ஆய்வு, திக்கலோடு தொடர்புடைய மூன்று மரபணுக்களை 2010-இல் அடையாளம் காட்டியது. ஆனால் திக்குபவர்களில் சிறு பகுதியினரிடமே அம்மாற்றங்கள் காணப்படுகின்றன. மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளில், பேச்சைத் திட்டமிடும் பகுதிகளையும் வாய்த் தசைகளை இயக்கும் பகுதிகளையும் இடப்பக்கத்தில் இணைக்கும் நரம்பிழைகளின் அமைப்பில் வேறுபாடு தெரிகிறது. சொல் என்னவென்று பையனுக்குத் தெரியும். அதைத் தக்க நேரத்தில் வாய்க்குக் கொண்டுவரும் ஒழுங்கில்தான் சிக்கல். பள்ளியில் எல்லோரும் சேர்ந்து உறுதிமொழி சொல்லும்போதும், பாடும்போதும், எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டியிடம் தனியே பேசும்போதும் அவன் திக்குவதேயில்லை என்பதற்கு அன்றுதான் எனக்கு அர்த்தம் விளங்கியது.

அப்படியானால் உணர்ச்சிக்கு இதில் பங்கே இல்லையா என்று கேட்டேன். இந்த இடத்தில் அவர் நிதானமாக நேரம் எடுத்துக்கொண்டார். பெற்றோர் குறை சொல்லிச் சொல்லியே இயல்பான தடுமாற்றத்தைத் திக்கலாக்கிவிடுகிறார்கள் என்று வெண்டல் ஜான்சன் என்ற அமெரிக்க அறிஞர் கருதினார். அவருடைய மேற்பார்வையில் 1939-இல் அயோவா மாநிலத்து அநாதை இல்லமொன்றில் 22 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. அவர்களில் சரளமாகப் பேசிய சிலரிடமே, ‘நீ திக்குகிறாய், கவனமாகப் பேசு’ என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அக்குழந்தைகள் திக்குவாயர்களாக மாறிவிடவில்லை. ஆனால் வாயைத் திறக்கவே கூசத் தொடங்கினார்கள். அயோவா பல்கலைக்கழகம் இதற்காக 2001-இல் மன்னிப்புக் கேட்டது. பயமும் கூச்சமும் திக்கலைப் படைப்பதில்லை, பேச்சிலிருந்து ஆளை விலக்கிவிடுகின்றன என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

உணர்ச்சி என்றால் பயம் மட்டுமல்ல என்பதும் நினைவில் வைக்கத் தக்கது. நெம்மாறை வல்லங்கி வேலை என்னும் கோயில் திருவிழாவின் வெடிக்கட்டை, அதாவது வாணவேடிக்கையைப் பார்த்துவிட்டு வந்து தன் அம்மாயியிடம் சொல்ல முயன்றபோது அவன் திக்கியதைப்போல் வேறு எப்போதும் திக்கியதில்லை. அது முழுக்க முழுக்க மகிழ்ச்சி. “பதறாமச் சொல்லு சாமி” என்று அம்மாயி அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பான வார்த்தைகூட, சொல்லவந்த செய்தியிலிருந்து அவன் கவனத்தைத் தன் நாக்கின் பக்கம் திருப்பிவிடுகிறது என்பதால், வீட்டில் அதை நிறுத்தச் சொன்னார்கள். முகத்தைப் பார்த்து, முடிக்கும்வரை காத்திருந்து, சொன்ன செய்திக்கு மட்டும் பதில் தரச் சொன்னார்கள்.

மையத்தில் என்னதான் செய்கிறார்கள்? ஒரு நாள் கடலில் மிதக்கும் பனிப்பாறை ஒன்றை வரையச் சொல்லி, நீருக்கு மேலே மற்றவர் காதில் விழுவதையும் நீருக்குக் கீழே அவன் மறைத்து வைத்திருப்பதையும் எழுதச் சொன்னார்கள். ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் திக்கலை விளக்கக் கையாண்ட உருவகமாம் இது. மேலே ஒரே வரி எழுதினான். கீழே, வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் டீச்சர்’ சொல்லாமல் கையை மட்டும் தூக்குவது, தன் பெயரைக் கேட்டால் இருமுவது என்று தாளின் ஓரம்வரை எழுதிக்கொண்டே போனான். கஷ்டமான சொல்லுக்குப் பதில் வேறு சொல்லைப் போட்டுச் சமாளிப்பது திக்குபவர்களின் வழக்கம். சொந்தப் பெயருக்கு மாற்றுச் சொல் ஏது?

இன்னொரு நாள் அம்மையார் அவனைக் கீழேயுள்ள பேக்கரிக்கு அழைத்துச் சென்று, “சேட்டா, ப... ப... பழம்பொரி உண்டோ?” என்று வேண்டுமென்றே திக்கிக் கேட்டார். பையன் பழம்பொரியைப் பார்க்கவில்லை, கடைக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் சில்லறை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அடுத்து இவன் முறை. இவனும் வேண்டுமென்றே திக்கிக் கேட்டு வாங்கினான். மறைக்க வேண்டியதில்லை என்றானபின் பயம் தணிகிறது, பயம் தணிந்தபின்தான் நுட்பங்கள் பயன்படுகின்றன. அந்நுட்பங்கள் எளியவை: சொல்லை மென்மையாகத் தொடங்குவது, அடைத்துக்கொண்ட ஒலியிலிருந்து அழுத்தத்தைத் தளர்த்தி வெளியேறுவது, இடம் பார்த்து நிறுத்திப் பேசுவது. இவற்றை வெறும் உடற்பயிற்சியாகக் கற்பித்து அனுப்பும் இடங்களில், அறைக்குள் வந்த சரளம் வகுப்பறையில் காணாமல் போவதில் வியப்பில்லை.

இனி குறைகள். பயிற்சித் தாள்கள் யாவும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் உள்ளன. எல்லையை ஒட்டிய இத்தனை தமிழ்க் குழந்தைகள் வரும் இடத்தில் ஒரு தமிழ்த் தாள்கூட இல்லாதது சரியல்ல. அம்மையார் தமிழ் நன்றாகப் பேசுகிறார் என்பதால் அமர்வு தடைப்படவில்லை, வீட்டுப் பாடத்தைத்தான் நான் மொழிபெயர்த்து எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பயிற்சி அறைக்கும் காத்திருப்போர் கூடத்துக்கும் நடுவே மெல்லிய பலகைத் தடுப்பு மட்டுமே இருக்கிறது. கூச்சத்தைப் போக்க வந்த குழந்தையின் ஒவ்வொரு திக்கலும் வெளியே அமர்ந்திருப்போர் காதில் விழுகிறது. சனிக்கிழமைகளில் கூட்டம் மிகுதி, அமர்வின் நேரமும் அன்று குறைந்துவிடுகிறது.

இத்தனை நாளில் குணமாகும் என்று இங்கே யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. சிலருக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அதுவே நம்பிக்கை தந்தது. பேச்சுப் பயிற்சியாளர்களைப் பதிவுசெய்யும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. எந்த மையத்துக்குப் போனாலும் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் தாமதிக்காமல் அழைத்து வாருங்கள், ஏனெனில் சிட்னியில் 1980-களில் உருவான லிட்கோம்ப் என்ற திக்கல் சிகிச்சை முறையை அந்த வயதினருக்கு இங்கே பெற்றோர் வழியாகவே கற்பிக்கிறார்கள். களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்தவர்கள் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. திருவனந்தபுரம் ஆக்குளத்தில் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. எங்கள் பக்கத்திலிருந்து வருபவர்கள் வாரநாளில் பிற்பகல் நேரம் கேட்டு வாங்கிக்கொண்டால், அவசரமில்லாத முழு அமர்வும், திரும்பிப் போகக் கூட்டமில்லாத பேருந்தும் கிடைக்கும்.