யிசிங் டீபாட்டா, சாவ்ஜோ டீபாட்டா, பீங்கான் கைவானா?

சீனத் தேயிலையைப் பால் இல்லாமல் குடிக்கப் பழகியவருக்குச் சீக்கிரமே ஒரு மண் டீபாட் மேல் கண் விழும். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு, பளபளப்புப் பூச்சு இல்லாத உடம்பு, அடியில் செய்தவரின் முத்திரை. ஆசைப்பட்டுத் தேடினால் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் டீபாட் ஒரு கடையில் 1,000 ரூபாய், இன்னொரு கடையில் 50,000 ரூபாய். இரண்டு கடையுமே, டீபாட்டுக்குப் பேர்போன சீன ஊரின் பெயரைச் சொல்லி, ‘அசல் யிசிங்’ என்றுதான் சொல்கின்றன.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் வாங்க வேண்டியது மண் டீபாட்டே அல்ல. மூடியும் தட்டும் கொண்ட பீங்கான் கிண்ணமான கைவான். அதில் கொஞ்ச காலம் குடித்த பிறகு, ‘நான் ஊலாங் ஆள்’ (பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் இடைப்பட்ட வகை) என்று தெரிந்தால் தென்சீன ஊரான சாவ்ஜோவின் சிறிய சிவப்பு டீபாட். ‘எனக்குக் கறுப்பு பூஅர்தான்’ (நொதிக்க வைத்த யுன்னான் தேயிலை) என்று தெரிந்தால் கொஞ்சம் கனமான யிசிங். இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்றால் கைவானோடு நிறுத்திக்கொள்வதில் எந்த நஷ்டமும் இல்லை.

காரணம், மண் நடுநிலையான பாத்திரம் இல்லை. பீங்கான் கண்ணாடிபோல் இறுகிய பூச்சுக் கொண்டது. இலை என்ன கொடுக்கிறதோ அதை அப்படியே கோப்பைக்கு அனுப்பும், நல்லதையும் கெட்டதையும் சேர்த்து. பூச்சில்லாத மண்ணில் நுண்துளைகள் உண்டு. வாசனையில் கொஞ்சம், துவர்ப்பில் கொஞ்சம் என்று அது தன் பங்கை எடுத்துக்கொள்ளும். போதாததற்குச் சூட்டு விவகாரமும் இருக்கிறது. கனமான டீபாட் ஊற்றிய தண்ணீரின் சூட்டை முதலில் தானே உறிஞ்சிக்கொண்டு, பிறகு நெடுநேரம் விடாமல் வைத்திருக்கும். மெல்லிய டீபாட் அவ்வளவு உறிஞ்சாது. தண்ணீர் கொதிநிலைக்குப் பக்கத்திலேயே இலை மேல் விழும்.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. சாவ்ஜோ பக்கத்து ஃபீனிக்ஸ் மலையில் விளையும் டான்சோங் ஊலாங்கில் மீ லான் ஷியாங் என்ற வகை ஒன்று உண்டு, தேனும் ஆர்க்கிட் பூவும் மணக்கும் என்பார்கள். அதை 5 கிராம் கைவானிலும், 5 கிராம் தடித்த ஊதா மண் யிசிங்கிலும் போட்டு, இரண்டிலும் 100 மில்லி கொதிநீர் விட்டு, 15 விநாடியில் வடித்தேன். கைவானின் மூடியைத் திருப்பி முகர்ந்தால் மணம் மூக்கில் குத்துகிறது. வாயில் வைத்தால் பின்னாலேயே துவர்ப்பும் வந்து நாக்கைப் பிடிக்கிறது. யிசிங்கில் துவர்ப்பு அடங்கி, தேநீர் கொழகொழப்பாக, சாந்தமாக இறங்குகிறது. ஆனால் அந்தப் பூ மணத்தில் பாதி காணவில்லை. மணத்துக்காகவே காசு கொடுத்து வாங்கிய தேயிலையில் மணத்தைத் தொலைப்பானேன்? அதே யிசிங்கில் ஷூ பூஅர் போட்டால் கதை தலைகீழ். குவித்து, ஈரமாக்கி, நொதிக்க வைத்துச் செய்யும் அந்தத் தேயிலையில் புதிதாக இருக்கும்போது ஒரு கிடங்கு வாடை அடிக்கும். மண் அதை நன்றாகவே மட்டுப்படுத்துகிறது.

யிசிங்: புகழும் தலைவலியும்

ஜியாங்சு மாகாணத்தில் தாய் ஏரிக்கரைப் பக்கம் இருக்கிறது யிசிங். டீபாட் தொழில் குவிந்திருப்பது அதைச் சேர்ந்த திங்ஷூ என்ற சிற்றூரில். மண் வந்தது பக்கத்து மஞ்சள் டிராகன் மலையிலிருந்து. அங்கே கிடைப்பது குழைவான களிமண் அல்ல, பாறை. வெட்டியெடுத்து, வெயிலிலும் மழையிலும் கிடக்க விட்டு, அது உதிர்ந்த பிறகு அரைத்துச் சலித்து, தண்ணீர் சேர்த்துப் பல மாதம் ஊறப்போடுகிறார்கள். இரும்புச் சத்தும் குவார்ட்ஸும் மைக்காவும் கலந்த இந்த மண்ணுக்கு ஸிஷா என்று பெயர். 1100 முதல் 1200 டிகிரி வரை சுட்டாலும் பீங்கான்போல் முழுக்க இறுகிப்போகாது.

இந்தத் தொழில் எழுந்த காலமும் தற்செயல் இல்லை. 1391இல் மிங் பேரரசர் ஹோங்வூ, அழுத்திச் செய்த தேயிலைக் கட்டிகளைக் கப்பமாக அனுப்ப வேண்டாம், உதிரி இலை போதும் என்று ஆணையிட்டார். பொடியைக் கிண்ணத்தில் கடைந்து குடிக்கும் வழக்கம் மெல்ல மறைந்து, இலையை ஊறவைக்க ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் கோங்சுன் என்ற வேலையாள் கோயில் துறவி ஒருவரிடம் கற்றுக்கொண்டு முதல் டீபாட்டைச் செய்தார் என்பது அங்கே வழங்கும் கதை. மிங் ஆட்சியின் கடைசிக் காலத்தில் ஷி தாபின் அளவைச் சுருக்கினார். இன்றைய கையடக்க டீபாட் அந்த வழியில் வந்தது.

செய்முறைதான் யிசிங்கின் தனி அடையாளம். சக்கரம் கிடையாது. மண்ணை மரச் சுத்தியால் தட்டித் தகடாக்கி, பட்டையாக அறுத்து, வட்டமாக வளைத்து ஒட்டி, உள்ளே விரலை வைத்துக்கொண்டு வெளியே மரத் துடுப்பால் தட்டித் தட்டி வயிறு கொண்டுவருகிறார்கள். நேரில் பார்த்தால் விலை பற்றிப் பேச வாய் வராது.

ஆனால் சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி அப்படிச் செய்ததில்லை. அச்சில் வைத்து உடம்பை அழுத்தி, மூக்கையும் கைப்பிடியையும் கையால் பொருத்தும் ‘பாதிக் கைவேலை’தான் அதிகம். அது குற்றமில்லை, தேநீர் நன்றாகவே வரும். அதற்கும் கீழே இன்னொன்று உண்டு. மண்ணைச் சோடியம் சிலிகேட் சேர்த்துக் கூழாக்கி அச்சில் ஊற்றுவது. அது வெளியே ஒரே சீராக, உள்ளே தட்டிய தடமோ தேய்த்த தடமோ இல்லாமல் மழமழவென்று இருக்கும். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மண் பற்றிய வம்பு இன்னும் பெரிது. மஞ்சள் டிராகன் மலையில் வெட்டுவதை 2000களின் நடுவில் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு கடைக்காரரிடமும் ‘பழைய சுரங்கத்து மண்’ தீராமல் இருக்கிறது! 2010இல் சீன மத்தியத் தொலைக்காட்சி, சாதாரண மண்ணில் மாங்கனீசு ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் கலந்து நிறம் ஏற்றி ஸிஷா என்று விற்பதை அம்பலப்படுத்தியது. அதிலிருந்து பளிச்சென்ற நீலம், பச்சை டீபாட்டைப் பார்த்தாலே வாங்குபவர்கள் ஒதுங்குகிறார்கள். ஒதுங்குவதுதான் சரி.

அப்புறம் பட்டங்கள். யிசிங்கில் கலைஞர்களுக்கு அரசு தரும் தர வரிசை உண்டு. விலை மண்ணைவிட அந்தப் பட்டத்தின் மேல்தான் ஏறுகிறது. கூ ஜிங்ஜோ (1915–1996) செய்த ஒரு டீபாட் 2010இல் ஏலத்தில் ஒரு கோடி யுவானைத் தாண்டியது. அதற்கும் நாம் குடிக்கப்போகும் தேநீருக்கும் சம்பந்தமில்லை. சான்றிதழ் அட்டையும் செய்தவர் புகைப்படமும் டீபாட்டோடு வந்தால் அவை விலையில் சேர்ந்திருக்கின்றன என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மண் வகையில் மூன்று பெயர் தெரிந்தால் போதும். ஸினி என்பது ஊதாப் பழுப்பு, எதற்கும் ஒத்துப்போகும், முக்கியமாக பூஅருக்கு. துவான்னி வெளிர் மஞ்சள், நுண்துளை அதிகம், சீக்கிரம் கறைபடியும். ஜூனி ஆரஞ்சுச் சிவப்பு, இறுக்கமானது, மணத்தை அதிகம் விழுங்காது. ஊலாங்குக்கு யிசிங்தான் வேண்டும் என்பவர்கள் ஜூனியைத் தேடலாம். ஆனால் சூளையில் அது அதிகம் சுருங்குவதால் சேதாரம் கூடுதல். அதனால் சிறிய அளவிலேயே செய்கிறார்கள், விலையும் ஏறிவிடுகிறது.

சாவ்ஜோ: அதே வேலை, குறைந்த விலை

குவாங்தொங் மாகாணத்தின் கிழக்கு மூலையில் இருக்கும் சாவ்ஜோ, சின்ன டீபாட்டில் கடுப்பாக வடித்துக் குட்டிக் கோப்பையில் குடிக்கும் கோங்ஃபு தேநீரின் ஊர். சிங்கப்பூரிலும் கிள்ளானிலும் பா குட் தே (பன்றி விலா எலும்புச் சூப்) கடைகளில் மேசைக்குச் சின்ன டீபாட்டும் குட்டிக் கோப்பைகளும் வரும் பழக்கத்தைத் தியோச்சியுக்காரர்களும் ஹொக்கியன்காரர்களும் கூடவே கொண்டுபோனார்கள். அந்தத் தியோச்சியுக்காரர்களின் பூர்வீகம் இதுதான். மூன்று கோப்பை, கொதிக்கும் தண்ணீர், டீபாட் நிறைய இலை. வடிக்கும்போது கோப்பைகளை ஒட்டவைத்து, மேலே வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஊற்றுவதற்கு ‘குவான் கோங் நகர்வலம் வருகிறார்’ என்று பெயர். கடைசிச் சொட்டுகளை ஒவ்வொரு கோப்பையிலும் மாற்றி மாற்றி விடுவது ‘ஹான் ஷின் படையை எண்ணுகிறார்’. இருவரும் பழைய சீனத் தளபதிகள். எல்லாருக்கும் ஒரே கடுப்பில் கிடைக்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஊரார் ஒருகாலத்தில் போற்றியது யிசிங் டீபாட்டைத்தான். 17ஆம் நூற்றாண்டு யிசிங் குயவர் ஹுயி மெங்சென்னின் பெயரால் சிறிய சிவப்பு டீபாட்டுக்கே ‘மெங்சென் கலயம்’ என்று பெயர். பிறகு உள்ளூர்ச் சிவப்பு மண்ணில் தாங்களே செய்யத் தொடங்கினார்கள், ஆனால் சக்கரத்தில். சுற்றி இழுத்து, காய்ந்த பிறகு சீவிச் சீவி மெலிதாக்குவதால் டீபாட் எடை குறைவு, சுவர் மெல்லியது. டான்சோங்குக்கும் ஃபூஜியன் மாகாண வூயி மலையின் பாறை ஊலாங்குக்கும் இதைவிடப் பொருத்தமான மண் பாத்திரம் எனக்குத் தெரியவில்லை. மணம் பெரும்பாலும் தங்குகிறது, துவர்ப்பின் முனை மட்டும் மழுங்குகிறது.

இதைவிட எனக்குப் பிடித்த விஷயம் விலை. முழுக்கக் கைவேலை யிசிங் கேட்டால் ஆயிரக்கணக்கான யுவான் சொல்வார்கள். சாவ்ஜோவில் கையால் சுற்றிய நல்ல டீபாட் சில நூறு யுவானில் கிடைக்கும். சேகரிப்பாளர் கூட்டம் இன்னும் அந்தப் பக்கம் முழுசாக வரவில்லை. குறை என்றால், சக்கர வேலை என்பதால் வடிவங்கள் உருண்டையாகவே இருக்கும்; சதுரம், மூங்கில் கணு, மரக்கிளை என்று யிசிங் காட்டும் வித்தைகள் இங்கே குறைவு.

யுன்னானின் ஜியான்ஷுய், குவாங்ஷியின் சின்ஜோ டீபாட்டுகளும் சந்தையில் உண்டு. இரண்டையும் சுட்ட பிறகு தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். ஜியான்ஷுய் டீபாட்டில் செதுக்கி வேறு நிற மண் நிரப்பிய சித்திரங்கள் அழகு. பரிசு கொடுக்க நன்றாக இருக்கும்.

கைவான் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தேஜென்னிலோ தேஹுவாவிலோ செய்த வெள்ளைக் கைவான் 100–120 மில்லி அளவில் வாங்குங்கள். பச்சைத் தேநீர், வெள்ளைத் தேநீர், ஊலாங், பூஅர் எல்லாவற்றுக்கும் உதவும், கழுவினால் வாசனை ஒட்டாது. லோங்ஜிங் போன்ற பச்சை இலைக்கு, 80 டிகிரித் தண்ணீரில், மண் டீபாட் கிட்டவே வரக்கூடாது. மூடிய சூட்டில் இலை அவிந்துபோகும். கைவானின் ஒரே எதிரி நம் விரல். விளிம்பு நன்றாக வெளியே விரிந்ததைத் தேர்ந்தெடுத்து, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பாமல், கட்டைவிரலும் நடுவிரலும் விளிம்பில், ஆட்காட்டி விரல் மூடிக் குமிழில் என்று பிடித்தால் சுடாது. மூடியைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் இலை உள்ளே நிற்கும்.

கடையில் பார்க்க வேண்டியது

தண்ணீர் ஊற்றிப் பார்க்க விடாத கடையில் மண் டீபாட் வாங்காதீர்கள். நிரப்பிச் சாய்த்து, மூடியிலுள்ள காற்றுத் துளையை விரலால் அடைத்தால் மூக்கில் ஒழுகும் நீர் நிற்க வேண்டும். முழுக்க நிற்காமல் மெலிந்தாலும் பரவாயில்லை, மூடியைச் சுற்றி வழிந்தால் வேண்டாம். நிமிர்த்தும்போது தாரை சட்டென்று வெட்டுப்பட வேண்டும். மூக்கின் அடிவழியாக வழிந்து வயிற்றை நனைத்தால் தினமும் மேசையைத் துடைக்க வேண்டியிருக்கும். நிறைந்த டீபாட் 10 விநாடிக்குள் காலியாகிறதா பாருங்கள். 15 விநாடி ஊறலுக்கு வடிய 20 விநாடி ஆனால் தேநீர் கசக்கத்தான் செய்யும். உள்ளே மூக்கின் வாயில் ஒற்றைத் துளை என்றால் டான்சோங்கின் நீள இலை அடைத்துக்கொள்ளும், பல துளை அல்லது உருண்டைச் சல்லடை தேவலை. மூடியைத் திறந்து மூக்கை வைத்து முகருங்கள். மண் வாசனை சரி. எண்ணெய், ஷூ பாலிஷ் வாசனை வந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

அளவு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். இருவர் குடிக்க 100–120 மில்லி தாராளம். இலை அதிகம், தண்ணீர் குறைவு, ஆறேழு முறை வடிப்பு என்பதுதான் முறை. 400 மில்லி டீபாட் வாங்கினால் ஒவ்வொரு முறையும் 20 கிராம் இலை போக வேண்டியிருக்கும்.

புதிய டீபாட்டை நம் மண்சட்டிபோலப் பழக்கலாம், ஆனால் கஞ்சித் தண்ணீரெல்லாம் வேண்டாம். உள்ளே இருக்கும் தூசியைக் கழுவி, துணி விரித்த பாத்திரத்தில் தண்ணீரோடு மெதுவாகச் சூடேற்றி அரை மணி நேரம் வையுங்கள். இரண்டாவது முறை குடிக்கப்போகும் தேயிலையையே கொஞ்சம் போட்டு அப்படியே செய்தால் முடிந்தது. அதன் பிறகு ஒரு டீபாட்டுக்கு ஒரு வகைத் தேயிலை. பூஅர் ஊறிய டீபாட்டில் டான்சோங் போட்டால் பூஅர்தான் ஜெயிக்கும். மெல்லிய டீபாட்டில் குளிர்ந்த நாளில் நேராகக் கொதிநீர் விடாமல், முதலில் வெளியே கொஞ்சம் வெந்நீர் ஊற்றிவிட்டு அப்புறம் உள்ளே விடுங்கள்; விரிசல் தப்பும்.

சோப்பு கூடவே கூடாது. பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் போட்ட நம் டீயை இதில் காய்ச்ச ஆசைப்படவும் வேண்டாம், துளைக்குள் போன பால் ஊசிப்போனால் எதைப் போட்டும் எடுக்க முடியாது. குடித்து முடித்ததும் இலையைக் கொட்டி, வெந்நீரில் அலசி, மூடியைத் தனியாக வைத்துக் காயவிட வேண்டும். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூடி போட்டே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பிடித்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதில்லை. பூஞ்சையைத் துடைத்து, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, அது தானாக ஆறிய பிறகு எடுத்து, இரண்டு மூன்று நாள் காற்றோட்டமான இடத்தில் காயவிடுங்கள். வாடை இன்னும் இருந்தால் இன்னொரு முறை.