மெட்டா க்வெஸ்ட் 3: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின், பிக்சல் அடர்த்தி பற்றி

போனில் அங்குலத்துக்கு 400 பிக்சல் இருந்தாலே எழுத்து அச்சடித்த மாதிரி தெரியும். தலையில் மாட்டிக்கொண்டு மெய்நிகர் உலகைப் பார்க்கும் ஹெட்செட்டான க்வெஸ்ட் 3-இன் திரையில் 1218 இருக்கிறது. ஆனாலும் அதில் ஒரு பிடிஎஃப்பைத் திறந்து பொடி எழுத்தைப் படிக்க உட்கார்ந்தால் கண் திணறுகிறது.

காரணம் லென்ஸ். அந்தச் சின்னத் திரையை அது நம் பார்வைப் பரப்பு முழுக்க விரித்துவிடுகிறது. அதனால் அங்குலக் கணக்கு இங்கே உதவாது. பார்வையின் ஒரு டிகிரிக்குள் எத்தனை பிக்சல் விழுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். க்வெஸ்ட் 3-இல் அது 25. நல்ல பார்வைக்கு 60 வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். மேசையில் 60 செ.மீ. தள்ளி இருக்கும் சாதாரண 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரே 40 தந்துவிடும். அதே 1920 பிக்சல் அகலத்தை ஹெட்செட்டுக்குள் இழப்பில்லாமல் காட்ட, மெய்நிகர் திரையைச் சுமார் 77 டிகிரிக்கு விரிக்க வேண்டும். பிறகு ஓரங்களைப் படிக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நாள் முழுக்க அலுவலக வேலை பார்க்க இதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

தமிழ் படிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஆங்கிலம் தெளிவாகத் தெரியும் அதே அளவில் ண, ன சுழிகள் ஒட்டிக்கொள்கின்றன, மெய்யெழுத்தின் புள்ளி மங்கிவிடுகிறது. எழுத்தின் அளவைக் கூட்டி வைத்த பிறகே நிம்மதியாகப் படிக்கிறேன்.

படமும் கேமும் வேறு கதை. 2016-இல் வந்த ரிஃப்ட், வைவ் ஆகிய பழைய ஹெட்செட்டுகள் இரண்டிலும் ஒரு கண்ணுக்கு 1080×1200 பிக்சல்தான். கொசுவலை அடித்த ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல இருக்கும். இதில் 2064×2208. அந்த வலையைத் தேடினால்தான் தெரிகிறது. ஆனால் பிக்சலைவிட நான் அதிகம் மதிப்பது, ஒளியை உள்ளுக்குள்ளேயே மடித்து அனுப்பும் மெல்லிய பான்கேக் லென்ஸை. வளையம் வளையமாக வெட்டிய பழைய ஃபிரெனெல் லென்ஸில் நடுப்பகுதி மட்டும்தான் கூர்மை. இதில் தலையை அசைக்காமல் கண்ணை ஓட்டியே ஓரம்வரை பார்க்கலாம்.

பல கேம்கள் திரையின் முழு அளவுக்கு வரைவதே இல்லை. இயல்பான அளவு 1680×1760தான். கணினியோடு இணைத்து அந்த அளவைக் கூட்டினால் தூரத்து மரங்களும் பெயர்ப்பலகைகளும் பளிச்சென்று தெளிகின்றன.

விலை குறைவு என்று இதன் மலிவுப் பதிப்பான க்வெஸ்ட் 3எஸ் பக்கம் போகிறவர்கள் கவனிக்கவும்: சிப் அதேதான், ஆனால் திரை 1832×1920, லென்ஸ் ஃபிரெனெல். உடற்பயிற்சிக்கும் தாள விளையாட்டுக்கும் தாராளமாகப் போதும். படிக்கவும் படம் பார்க்கவும் என்றால் கொஞ்சம் பொறுத்து, காசு சேர்த்து 3-ஐயே வாங்குங்கள்.