ஆறு வகை ஆரஞ்சுப் பெட்டி: பழத்துக்கு நாலு நட்சத்திரம், கூட வந்த சீட்டுக்கு ஒன்றுகூட இல்லை

ஆரஞ்சில் என்ன பெரிய வகை, எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான். இணையத்தில் பழம் விற்கும் ஒரு கடை (பெயர் வேண்டாம், கீழே கொஞ்சம் திட்டப்போகிறேன்) ஆறு வகையைக் கலந்து ஒரே பெட்டியாகத் தருகிறது. நேவல், வேலன்சியா, காரா காரா, மோரோ என்கிற சிவப்பு ஆரஞ்சு, கிளமென்டைன், செவில், ஒவ்வொன்றிலும் நாலு பழம். வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. வாங்கலாமா என்றால் தாராளமாக வாங்கலாம், ஆனால் எந்தப் பழம் எதற்கு என்று தெரியாமல் இறங்கினால் பாதிப் பெட்டி வீண். நான் தெரியாமல்தான் இறங்கினேன்.

முதல் நாள் காலையில் பெட்டியைப் பிரித்ததும் நல்ல பெரிய பழமாகப் பார்த்து நேவலை எடுத்து, நாலையும் பிழிந்து, ஒரு டம்ளர் குடித்தேன், தேன் மாதிரி இருந்தது. மீதி ஒரு டம்ளரை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு சாயங்காலம் எடுத்துக் குடித்தால் வாயெல்லாம் கசப்பு. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அப்படியே சிங்க்கில் ஊற்றிவிட்டுக் கடைக்காரருக்குக் காட்டமாக ஒரு செய்தியும் அனுப்பிவிட்டேன். பிறகு தேடிப் படித்தால்தான் தெரிகிறது, பழம் கெடவே இல்லை. நேவலில் ஒரு பொருள் இருக்கிறது, பழத்துக்குள் இருக்கும்வரை அதற்குக் கசப்பே கிடையாது. பிழிந்ததும் அது சாற்றின் புளிப்போடு கலந்து, சில மணி நேரத்தில் லிமோனின் என்கிற கசப்புப் பொருளாக மாறிவிடுகிறது. அதனால் நேவலைப் பிழிந்தால் அந்த நிமிஷமே குடித்துவிட வேண்டும், எடுத்து வைக்கிற வேலை ஆகாது. இதைச் சொல்ல வேண்டிய இடம் பெட்டியோடு வந்த சீட்டு. அதில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? ‘நேவல்: ஜூஸுக்கு மிகவும் ஏற்றது.’

நேவலின் இடம் கத்தியும் தட்டும்தான். விதை கிடையாது, தோல் சுலபமாக உரியும், சுளை பெரியது. அடியில் தொப்புள் மாதிரி இருக்கிறதே, அதை வெட்டிப் பார்த்தால் உள்ளே சுண்டுவிரல் நுனி அளவுக்கு இன்னொரு குட்டி ஆரஞ்சு, அதற்கும் தனியாகச் சுளைகள். விதை இல்லாத பழம் என்பதால் ஒட்டுக் கட்டித்தான் பெருக்க முடியும். பிரேசிலின் பாயியாவிலிருந்து வந்த வகை இது, 1873-இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் நட்ட மரம் ஒன்று இன்னமும் நிற்கிறது. இப்போது கடையில் கிடைக்கும் நேவல்களில் ஏகப்பட்டவை அந்த மரத்தின் ஒட்டுக்கு ஒட்டுக்கு ஒட்டு.

ஜூஸ் வேண்டுமா, வேலன்சியாவைத் தொடுங்கள். பார்க்க ஒன்றுமில்லை, இரண்டு பழத்தில் காம்புப் பக்கம் பச்சை வேறு படர்ந்திருந்தது, காயைத் தள்ளிவிட்டார்கள் என்று இரண்டாவது புகாருக்குக் கை போய்விட்டது. நல்லவேளை, அதற்குள் ஒன்றை வெட்டிவிட்டேன். சாறு பலகையிலிருந்து வழிந்து தரைக்கே வந்துவிட்டது. வேலன்சியா மரத்திலேயே வெயில் காலம்வரை நிற்கும் பழம், நன்றாகப் பழுத்த பிறகும் சூடு ஏறினால் தோல் திரும்பப் பச்சையாகும், உள்ளே இனிப்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஒன்றிரண்டு விதை இருக்கும், வடிகட்டினால் போச்சு. லிமோனின் தொல்லை மிகக் குறைவு, அடுத்த நாள் காலையிலும் அதே ருசி.

சீட்டில் இன்னொரு அபத்தம், ‘இரண்டு நாள் வெளியே வைத்துப் பழுக்க விடவும்’ என்று. ஆரஞ்சு மாம்பழம் இல்லை ஐயா. பறித்த பிறகு அது மேற்கொண்டு பழுக்காது, இனிப்பும் ஏறாது. மரத்தில் என்ன இருந்ததோ அதுதான். நிறத்தைப் பார்க்காமல் கையில் எடுத்துப் பாருங்கள், அளவுக்கு மீறிக் கனத்தால் உள்ளே சாறு இருக்கிறது என்று அர்த்தம். என் பெட்டியில் வந்த நேவலில் ஒன்று லேசாக இருந்தது, வெட்டினால் காம்புப் பக்கம் சுளையெல்லாம் சக்கை. பருவம் முடிகிற நேரத்தில் வாங்கினால் இப்படி ஆகும்.

சரி, பெட்டியிலேயே எது பிடித்தது என்று கேட்டால், யோசிக்காமல் காரா காரா. இதுவும் நேவல் குடும்பம்தான், 1976-இல் வெனிசுவேலாவில் ஒரு தோட்டத்து மரத்தில் தற்செயலாகக் கண்டெடுத்தது. வெளியே சாதாரண ஆரஞ்சு, வெட்டினால் இளஞ்சிவப்பு. தக்காளிக்குச் சிவப்பைத் தருகிற அதே லைகோபீன்தான் காரணம். புளிப்பு கம்மி, பின்னாடியே ஒரு மெல்லிய பூ வாசம். இதை வைத்துச் சமைக்க வேண்டும், கேக் செய்ய வேண்டும் என்றெல்லாம் திட்டம் போட்டிருந்தேன். நாலு பழமும் சிங்க் பக்கத்தில் நின்றபடியே காலி.

மோரோ கொஞ்சம் சூதாட்டம். நாலில் இரண்டு கத்தியை வைத்ததும் பீட்ரூட் மாதிரி கறுஞ்சிவப்பு, ஒன்றில் வெறும் கீற்று, இன்னொன்றில் அதுவும் இல்லை. இந்தச் சிவப்பு ஆந்தோசயனின் என்கிற நிறப்பொருள், அது ஊற ராத்திரிக் குளிர் வேண்டும். பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும் சிசிலியின் எட்னா மலைப் பக்கம் இது பேர்போனதற்கு அதுதான் காரணம். ஒரே மரத்துப் பழங்களே ஒன்றுபோல் இருக்காது என்பதால் இதற்கு நட்சத்திரம் குறைக்கவில்லை. வட்ட வட்டமாக அரிந்து, மேலே மெல்லிசாக வெங்காயம், உப்பு, மிளகு, ஆலிவ் எண்ணெய் போட்டு ஐந்து நிமிஷம் வைத்துச் சாப்பிட்டேன். ஆரஞ்சுக்கு உப்பா என்று முகம் சுளிப்பவர்கள் ஒரே ஒரு சுளையில் முயற்சி செய்துவிட்டுப் பேசுங்கள். அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள், சூட்டில் நிறம் மங்கிவிடும்.

கிளமென்டைன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம் கமலா ஆரஞ்சு வகையறா, தோல் தொட்டாலே கழன்றுவிடும். குழந்தைகள் உரித்துத் தின்னட்டும். ஆனால் பெட்டியில் மோசமாக வந்ததும் இதுதான். காற்றுப் போக வழியில்லாமல் நாலையும் ஒரே பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டியதில் ஒன்று அடிபட்டு, பச்சைப் பூசணம் பிடித்து, பக்கத்துப் பழத்துக்கும் தொற்றிவிட்டது. இரண்டு போச்சு. பெட்டி வந்ததும் முதல் வேலையாகப் பைகளைப் பிரித்துவிடுங்கள், நல்ல பழம் ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் இரண்டு வாரம் தாராளமாகத் தாங்கும்.

செவிலை நான் பச்சையாகக் கடித்தேன். யாரும் செய்யாதீர்கள். இது கசப்பு ஆரஞ்சு, தோலோடு காய்ச்சும் ஜாம் இருக்கிறதே, அந்த மார்மலேடுக்கென்றே பிறந்தது. கொட்டையிலும் வெள்ளை நாரிலும் பெக்டின் நிறைய இருப்பதால் தனியாகப் பொடி எதுவும் சேர்க்காமலே கெட்டியாகிவிடும். மூன்று பழத்தின் தோலைக் குச்சி குச்சியாக நறுக்கி, கொட்டையையும் நாரையும் ஒரு துணியில் முடிச்சுப் போட்டு, சாறோடு தண்ணீர் விட்டு ராத்திரி ஊறவைத்தேன். காலையில் வேகவைக்கும்போது ஒரு குச்சியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பார்க்க வேண்டும், மசிந்தால்தான் சர்க்கரை. முன்னாடியே கொட்டிவிட்டால் தோல் விறைத்துக்கொண்டு, பிறகு எவ்வளவு கொதித்தாலும் மெல்லவே முடியாது. அப்புறம், கிரேப்ஃபுரூட் சாப்பிடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கும் மாத்திரை ஏதாவது எடுப்பவர்கள் செவிலையும் தொட வேண்டாம், இரண்டுக்கும் அந்தக் குணம் பொது.

தோலைத் தூக்கிப் போடாதீர்கள், எந்த வகையாக இருந்தாலும். வெந்நீரில் தேய்த்துக் கழுவினால் மேலே பூசிய மெழுகு போகும், பழத்தை வெட்டும் முன்பே துருவிவிட வேண்டும், வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அந்தத் துருவலைச் சர்க்கரையோடு விரலால் கசக்கினால் சர்க்கரை ஈரமாகி, சமையலறை முழுக்க மணக்கும்.

சத்து விஷயத்துக்கு வருவோம். ‘சகல நோய்க்கும் ஒரே பழம்’ என்று சீட்டில் அளந்துவிட்டிருக்கிறார்கள். 100 கிராம் ஆரஞ்சில் ஏறக்குறைய 47 கலோரி, 53 மில்லிகிராம் வைட்டமின் சி, 2.4 கிராம் நார்ச்சத்து. நடுத்தரப் பழம் ஒன்று தின்றால் அன்றைக்கு வேண்டிய வைட்டமின் சியில் பெரும்பகுதி வந்துவிடும், கொய்யாவில் இதைவிடப் பல மடங்கு. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்கிற மருத்துவர் கப்பலில் ஸ்கர்வி வந்த மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துத் தேற்றினார், உண்மை, ஆனால் அது வைட்டமின் சி இல்லாமல் வந்த நோய். சளிக்கு, சர்க்கரைக்கு, இதயத்துக்கு என்று அடுக்கினால் எப்படி? அதோடு ஜூஸாக்கினால் நார்ச்சத்து வடிகட்டியிலேயே தங்கிவிடும். இரண்டு மூன்று பழத்தின் சர்க்கரை ஒரு டம்ளரில் ஒரே மடக்கில் போய்விடும், அதே பழங்களை உரித்துத் தின்னச் சொன்னால் இரண்டாவதிலேயே வயிறு நிறைந்துவிடும்.

பூசணம் பிடித்த கிளமென்டைனைப் படம் எடுத்து அனுப்பினேன். மறுபேச்சு பேசாமல் மூன்றாம் நாளே பதிலுக்கு இரண்டு பழம் அனுப்பிவிட்டார்கள், அந்த வகையில் நல்ல கடைதான். பிரித்துப் பார்த்தால் இரண்டும் நேவல், மேலே ஒரு சின்னச் சீட்டு: ‘ஜூஸ் போட்டு மகிழுங்கள்.’