புள்ளிப் பட்டியலுக்கு ஓப்பன்எல்டாப்பா, 389-ஆ?

நகரத்தார் ஊர்ச் சங்கத்தின் புள்ளிப் பட்டியலை (கல்யாணமான குடும்பங்களின் கணக்கை) எக்செல்லிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு மாற்றி, சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருப்பவர்கள் லாகின் இல்லாமலே தேடும்படி வைக்க வேண்டும். காரைக்குடிப் பக்கத்துச் சங்கம் ஒன்று இந்த வேலையில் இறங்கினால் எதிரே நிற்பவை இரண்டு: ஓப்பன்எல்டாப், 389 டைரக்டரி சர்வர். ஆட்களின் விவரத்தை மரம்போல் கிளை கிளையாக அடுக்கி, தேடித் தரும் மென்பொருள்கள் இவை. (என்ஐஎஸ் என்ற பழைய முறையை யாராவது ஆரம்பித்தால், ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-லேயே அதைத் தூக்கிவிட்டார்கள் என்று சொல்லி அடுத்த வேலையைப் பார்க்கலாம்.)

இரண்டுமே இலவசம். இரண்டின் பூர்வீகமும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்லாப்டி என்ற பழைய டைரக்டரி சர்வர்தான். ஒரு ஊர்ப் பட்டியலுக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. யார் எதைப் பார்க்கலாம் என்ற விதியில்தான் பாதை பிரிகிறது.

விதியே எழுதாமல் விட்டால் ஓப்பன்எல்டாப்பில் எல்லாரும் எல்லாவற்றையும் படிக்கலாம். 389-ல் டைரக்டரி மேனேஜர் என்ற தலைமை நிர்வாகிக் கணக்கு தவிர யாரும் எதையும் படிக்க முடியாது. ஓப்பன்எல்டாப் விதிகளை மேலிருந்து கீழே படிக்கும், முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும். ‘எல்லாவற்றையும் எல்லாரும் படிக்கலாம்’ என்பதை மேலே போட்டு, ‘மொபைல் எண்ணை மறை’ என்பதைக் கீழே போட்டால், கீழே உள்ளது எழுதியும் வீண். 389-ல் வரிசை கிடையாது. தடை எப்போதும் அனுமதியை வெல்லும். அங்கே ‘எனிஒன்’ என்று போட்டு மொபைலைத் தடுத்தால் லாகின் செய்த சங்கச் செயலாளருக்கும் அது தெரியாது, ஏனென்றால் எனிஒன் என்றால் அவரும் சேர்த்திதான். அதனால் 389-ல் தடையே எழுதாதீர்கள். திறக்க வேண்டியதை மட்டும் பெயர் சொல்லித் திறங்கள்.

இரண்டிலும் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ‘படிக்க’, ‘தேட’ இரண்டும் தனித்தனி உரிமைகள். மொபைலைப் படிக்க விடாமல் தேட மட்டும் விட்டால், வெளியாள் 98*, 984* என்று ஒவ்வொரு இலக்கமாக நீட்டி, எப்போது பெயர் வருகிறது என்று பார்த்தே முழு எண்ணையும் எடுத்துவிடுவான். ஒரு தேடலுக்கு இத்தனை பதிவுகள்தான் என்ற வரம்பும் (ஓப்பன்எல்டாப்பில் இயல்பாக 500, 389-ல் 2000) இதைத் தடுக்காது.

சென்னையில் ஒரு நகல் சர்வர் வைப்பதென்றால் 389-க்கு ஒரு படி மேலே மதிப்பெண் தருவேன். அதன் விதிகள் தரவுக்குள்ளேயே இருப்பதால் நகலோடு சேர்ந்தே போகும். ஓப்பன்எல்டாப்பில் விதி தரவுக்கு வெளியே, சர்வரின் அமைப்புகளை வைக்கும் கான்ஃபிக் மரத்தில் இருக்கிறது. தரவை மட்டும் நகலெடுத்து, அங்கே விதி எழுத மறந்தால், காரைக்குடியில் மறைத்தது சென்னையில் திறந்து கிடக்கும்.

மரத்தை எப்படி அமைத்தாலும் நகரத்தாரின் ஒன்பது கோயிலையும் கிளைகளாக்க வேண்டாம். இளையாத்தங்குடிப் பெண்ணுக்கு மாத்தூரில் கல்யாணம் ஆனால் கோயில் மாறுகிறது. அவர் பதிவைக் கிளை மாற்றினால் டிஎன்னும் (மரத்தில் அந்தப் பதிவின் முழு முகவரி) மாறும், கமிட்டி குழுக்களில் பழைய டிஎன் அப்படியே தொங்கும். எல்லாரையும் ஒரே கிளையில் வைத்து, கோயில், ஊர், விலாசம் மூன்றையும் புலங்களாக்குங்கள். புதிய புலத்துக்கு 389-ல் இன்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) சேர்த்தால், பழைய பதிவுகளையும் அதில் ஏற்றும் ரீஇன்டெக்ஸையும் ஓட்டியாக வேண்டும்; விட்டால் இருக்கும் ஆளே தேடலில் வரமாட்டார். ஓப்பன்எல்டாப்பில் கான்ஃபிக் மரம் வழியாகச் சேர்த்தால் அதுவே பின்னணியில் கட்டிக்கொள்ளும்.

படம் ஏற்றும் எண்ணமிருந்தால் ஓப்பன்எல்டாப்பின் மேக்ஸ்சைஸை, அதாவது தரவுக் கிடங்கின் உச்ச அளவைப் பாருங்கள். இயல்பு அளவு 10 எம்பி. நிரம்பியதும் புதுப் பதிவு எதுவும் ஏறாது. தமிழ்ப் பெயர்கள் தேடல் விடையில் இரட்டைப் புள்ளிக்குப் பின் கிறுக்கல் மாதிரி வந்தால் பயம் வேண்டாம், அது பேஸ்64: அதே பெயரை ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றி எழுதும் முறை.

டெபியன் வகை லினக்ஸ், ஒரே சர்வர், கமாண்ட் லைனுக்குப் பயப்படாத ஒருவர் என்றால் ஓப்பன்எல்டாப். ரெட்ஹாட் வகை என்றால் பேச்சே இல்லை, 389தான். ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-லிருந்து ஓப்பன்எல்டாப் சர்வர் பொதியை ரெட்ஹாட் தருவதில்லை. நிர்வாகி வருஷா வருஷம் மாறும் சங்கத்துக்கும் காக்பிட் என்ற பிரவுசர் நிர்வாகத் திரை உள்ள 389 தோதாக இருக்கும்.

எதை வைத்தாலும் பட்டியலைத் திறக்குமுன் வெளி இணைப்பிலிருந்து, லாகின் இல்லாமல், மொபைல் 9* என்று ஒருமுறை தேடுங்கள். விடை பூஜ்யமாக வர வேண்டும். ஒரு பெயர் வந்தாலும் தேடும் உரிமை எங்கோ திறந்திருக்கிறது.