கேண்டில்ஸ்டிக்கில் ட்ரெண்ட் திருப்பம்: நீண்டகாலப் பயன்பாட்டில் நிலைத்தவை

பங்கு சார்ட்டில் ஒவ்வொரு கேண்டிலும் ஒரு குறிப்பிட்ட நேரத்தின் (5 நிமிடம், ஒரு மணி, ஒரு நாள்) தொடக்கம், உச்சம், அடி, முடிவு விலைகளைக் காட்டும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்டது உடல், அதற்கு மேலும் கீழும் நீள்பவை திரிகள். ட்ரெண்ட், அதாவது விலை போகும் திசை, திரும்புவதைக் கண்டுபிடிக்க முப்பது நாற்பது பேட்டர்ன்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நீண்ட காலம் புழங்கியதில் கைகொடுப்பவை மூன்றுதான்: ஹேமர் (சிறு உடல், நீண்ட கீழ்த்திரி), ஷூட்டிங் ஸ்டார் (சிறு உடல், நீண்ட மேல்திரி), என்கல்ஃபிங் (முந்தைய கேண்டிலின் உடலை முழுதாக மூடும் எதிர்நிறக் கேண்டில்). இவையும் சரியான இடத்தில் வந்தால் மட்டுமே.

ஹேமர் என்றால், பங்கு ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். முன்பு வாங்குவோர் வந்து நின்ற பழைய சப்போர்ட் விலையை அது தொட்டிருக்க வேண்டும். பக்கவாட்டில் அலையும் சார்ட்டின் நடுவே வரும் ஹேமருக்கு மதிப்பில்லை. திரும்புவதற்கு அங்கே ட்ரெண்டே கிடையாது. அதே உருவம் ஏற்றத்தின் உச்சியில் வந்தால் ஹேங்கிங் மேன், அது எச்சரிக்கை.

ஜப்பானிய அரிசி வியாபாரிகளிடமிருந்து வந்ததாகச் சொல்லப்படும் முறை இது. ஆரணி அரிசி மண்டியில் பழகியவருக்கு உடனே பிடிபடும். காலையில் விலை சரிந்து, சாயங்காலத்துக்குள் வாங்க ஆள் வந்து பழைய விலைக்கே ஏறினால், அடிவிலையில் சரக்கை விட யாரும் தயாரில்லை. ஹேமரின் நீண்ட கீழ்த்திரி சொல்வது அதைத்தான்.

ஓர் உதாரணம். தொடக்கம் 495, உச்சம் 499, அடி 482, முடிவு 498. உடல் 3 ரூபாய், கீழ்த்திரி 13 ரூபாய். திரி உடலைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும் என்ற கணக்கு தேறுகிறது; மேல்திரியும் 1 ரூபாய்தான். அன்றே வாங்கக் கூடாது. மறுநாள் கேண்டில் 499க்கு மேல் முடிய வேண்டும், வால்யூமும் (கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை) வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் நல்லது. பிறகு 501இல் வாங்கினால் ஸ்டாப்லாஸ், அதாவது நஷ்டத்தை நிறுத்த விற்று வெளியேறும் விலை, 481. பங்குக்கு 20 ரூபாய் ரிஸ்க். முதலீட்டுப் பணம் 1 லட்சம், ஒரு ட்ரேடில் இழக்கத் தயாரான தொகை 1 சதவீதம் என்றால் 1,000 ரூபாய். ஆகவே 50 பங்குகள், அதற்கு மேல் வேண்டாம். பேட்டர்னைச் சரியாகப் படிப்பவர்களும் பணம் விடுவது பெரும்பாலும் வாங்கும் பங்குகளின் எண்ணிக்கையில்தான்.

காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும், ஆம்பூர், ராணிப்பேட்டை தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் 5 நிமிட சார்ட் ஒத்துவராது. மாலையில் நாள் சார்ட்டைப் பார்த்தால் போதும். அதுவே மேல் என்றும் சொல்வோம். மதியம் 2 மணிக்கு அழகான ஹேமராகத் தெரிவது சந்தை முடிவதற்குள் முழுச் சிவப்பாகிவிடும். முடியாத கேண்டிலுக்குப் பெயர் வைக்கக் கூடாது.

மணிநேர சார்ட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. சந்தை 9:15 முதல் 3:30 வரை, 375 நிமிடம். 60 நிமிடமாகப் பிரித்தால் கடைசிக் கேண்டிலுக்கு 15 நிமிடமே கிடைக்கும். அதன் உருவத்தை மற்றவற்றோடு ஒப்பிட முடியாது. 75 நிமிடம் வைத்தால் சரியாக ஐந்து கேண்டில்.

போனஸ் (இலவசப் பங்கு தருவது), ஸ்ப்ளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) நாட்களில் சரிசெய்யாத சார்ட் பொய்யான சரிவைக் காட்டும். சர்க்யூட்டில் (ஒரு நாளில் விலை நகர அனுமதித்த எல்லை) பூட்டிக்கிடக்கும் சிறு பங்குகளில் கேண்டில் வெறும் கோடாகிவிடும். அங்கே படிக்க ஒன்றுமில்லை. ஹெய்கின் ஆஷி என்ற சார்ட் வகையில் இருப்பது உண்மையான விலையல்ல, சராசரி. அதை வைத்து ஸ்டாப்லாஸ் போட்டால் விலை தப்பும்.

குறித்த விலை வந்ததும் தானாகப் போகும் ஜிடிடி (GTT) ஆர்டருக்கும் எல்லை உண்டு. ட்ரிகர் (ஆர்டர் கிளம்பும் விலை) 481, லிமிட் (இதற்குக் கீழே விற்காத விலை) 480 என்று போட்டிருக்க, பங்கு 470இல் திறந்தால் ஆர்டர் விற்காமல் அப்படியே நிற்கும். கம்பெனியின் லாபநஷ்டக் கணக்கான ரிசல்ட் வந்ததும் பங்கு இப்படிச் சரிந்து திறக்கலாம். ரிசல்ட்டுக்கு முந்தைய நாள் எவ்வளவு நல்ல ஹேமரானாலும் வாங்காமல் விடுவது இதனால்தான்.