ஆன்லைன் இரங்கல் அட்டை: அலுவலகக் குழுவுக்கு ஏற்றதா?

சக ஊழியரின் அம்மாவோ அப்பாவோ திடீரென இறந்துவிட்டால், எல்லோரும் சேர்ந்து எழுதி அனுப்ப இந்த அட்டைகள் உண்மையிலேயே உதவுகின்றன. ஒருவர் அட்டையைத் தொடங்கி லிங்க்கை அனுப்பினால் போதும், வெளியூரில் இருப்பவரும் எழுதலாம்.

சிக்கல் வருவது லிங்க் அனுப்பும் இடத்தில். டீம் மெயில் முகவரிக்குப் போட்டால் துக்கத்தில் இருப்பவருக்கும் போய்விடும். பெயர்களைத் தனித்தனியாகச் சேருங்கள். பிறந்தநாளுக்கும் இதே சேவைதான் என்பதால், சிலவற்றில் அட்டையைத் திறந்ததும் வண்ணத் துணுக்குகள் பறக்கும். செட்டிங்ஸில் அதை அணைத்து, முன்னோட்டம் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். பணம் திரட்டும் வசதி இருந்தால் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை மறைத்துவிடுங்கள்.

பெரிய குறை, மேலே இருப்பதைப் பார்த்து எல்லோரும் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்றே எழுதிவிடுவது. 20 பேர் எழுதிய ஒரே வரி யாருக்கு ஆறுதல் தரும்? முதல் இரண்டு மூன்று பேர், “அப்பா சைக்கிள் கற்றுக்கொடுத்த கதையை நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது” என்பதுபோல எழுதினால், பின்னால் வருபவர்களும் மனம்விட்டு எழுதுவார்கள். எப்படி இறந்தார் என்று அட்டையில் கேட்கவே கூடாது. “உங்கள் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பதில் எழுத வேண்டாம்” என்று மேலாளர் எழுதுவது நல்லது. இரண்டு நாளில் முடித்து அனுப்பிவிடுங்கள். பிடிஎஃப் பிரதியும் எடுத்து வையுங்கள்.