சிஸ்டைன் விதானமும் சான் மார்கோ அறைகளும்

வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலய விதானத்தை, திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸின் பணிப்பின் பேரில், மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டினார். ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்தில் படைப்பின் வரலாறு விரிந்து கிடக்க, அண்ணாந்து நிற்பவருக்குக் கடவுளின் பேராற்றலே அழகாகத் தோன்றுகிறது. அந்த வியப்பு மெய்யானது. ஆனால் கழுத்து வலிக்கத் தொடங்கியதும் கண் இறங்கிவிடுகிறது.

புளோரன்ஸ் நகரின் சான் மார்கோ மடத்தில் நிலைமை வேறு. தொமினிக்கன் என்னும் கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த ஓவியர் ஃபிரா ஆஞ்சலிக்கோ, அதற்கு ஏறக்குறைய 70 ஆண்டுகளுக்கு முன்பே, அங்குள்ள 40-க்கும் மேற்பட்ட சிற்றறைகளில் தம் உதவியாளர்களோடு சுவரோவியங்கள் தீட்டினார். உறங்கி எழுந்து செபிக்கும் துறவி ஒருவர், தம் வாழ்நாளெல்லாம் பார்ப்பதற்கென்று அறைக்கொரு ஓவியம். மாடிப்படி ஏறியதும் எதிர்ப்படும், இயேசுவின் பிறப்பை வானதூதர் மரியாவுக்கு முன்னறிவிக்கும் மங்கள வார்த்தைக் காட்சியில், கபிரியேல் வானதூதரின் சிறகுகள் பல வண்ணப் பட்டைகளாக மின்னுகின்றன. மரியாவோ அலங்காரம் ஏதுமற்ற மர இருக்கையில் அமர்ந்திருக்கிறார். இவ்வுருவைக் கடந்து செல்கையில் ‘மரியே வாழ்க’ என்று சொல்ல மறவாதே என அடியில் இலத்தீனில் எழுதப்பட்டுள்ளது. நடந்து போகிறவரின் அன்றாடத்துக்குள் செபத்தை நுழைத்துவிடும் அந்த ஒற்றை வரியை நான் பெரிதும் நேசிக்கிறேன்.

ஒருமுறை கண்டு மலைக்க விரும்புவோருக்குச் சிஸ்டைன் விதானமே ஏற்றது. நாள்தோறும் உடன் வாழ ஓர் அழகு வேண்டுமென்றால், தயங்காமல் சான் மார்கோவையே தேர்வேன்.